வெயிலில் குடிநீர்: பாட்டிலா, கண்ணாடிப் பெட்டியா, சோலார் ஆர்ஓவா?

ஏழைக் குடும்பங்களுக்குச் சூரிய ஒளியில் குடிநீர் என்று பேச்செடுத்தாலே, எது மலிவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னாடி கேட்க வேண்டியது, அந்த ஊர்த் தண்ணீரில் இருப்பது உப்பா, கிருமியா என்பது. நம் குமரி மாவட்டத்தில் இரண்டும் உண்டு. பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில் ஓடைத் தண்ணீரில் உப்பு இல்லை, கிருமிதான் பயம். மணக்குடி, நீரோடி மாதிரி இடங்களில் கடலை ஒட்டிய கிணறுகளுக்குக் கோடையில் உப்பு ஏறுவதுதான் தொல்லை.

கிருமிக்கு பாட்டில் போதும், செலவும் கிட்டத்தட்ட இல்லை. கீறல் விழாத, நிறமில்லாத 2 லிட்டர் பெட் பாட்டில் (அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும்), லேபிளை உரித்து, முக்கால் பாகம் நிரப்பி நன்றாகக் குலுக்கி, மீதியையும் நிரப்பி மூடி, தகரக் கூரையில் படுக்கப் போட்டால் நல்ல வெயிலில் 6 மணி நேரத்தில் புற ஊதாக் கதிர் கிருமியைக் கொன்றுவிடும். கலங்கல் தண்ணீரில் கதிர் உள்ளே இறங்காது. அதனால் நிரப்பிய பாட்டிலைச் செய்தித்தாள் தலைப்பின் மேல் நிறுத்தி வாய் வழியாகப் பாருங்கள், எழுத்து படிக்க முடியாவிட்டால் முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும். உப்பு மட்டும் ஒரு துளிகூடக் குறையாது.

ஆனால் நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. வானம் பாதிக்கு மேல் மூடினால் பாட்டில் 2 நாள் கிடக்க வேண்டும், விடாமல் பெய்தால் அதுவும் பலிக்காது. கழிவு கிணற்றில் கலக்க வாய்ப்பு அதிகமுள்ள நாட்களும் அவைதான்! அப்போது கொதிக்கவைப்பது, இல்லையென்றால் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருப்பது என்று மாற்றுவழி கையில் இருந்தே ஆக வேண்டும்.

கண்ணாடிப் பெட்டி இதற்கு நேரெதிர். கறுப்புத் தட்டில் உப்புத் தண்ணீர், மேலே சாய்வாகக் கண்ணாடி, ஆவி அதில் படிந்து ஓரத்தில் வழியும். உப்பும் போகும், கிருமியும் போகும், உப்பு ஏறும் கோடையில்தான் நன்றாக வேலையும் செய்யும். சிலியின் லாஸ் சலினாஸில் 1872-லேயே பெரிய அளவில் செய்து காட்டிய விஷயம் இது. அளவில்தான் இடிக்கிறது. ஒரு லிட்டரை ஆவியாக்க 600 வாட்-மணிக்கு மேல் வெப்பம் வேண்டும், அதனால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 2 முதல் 4 லிட்டர்தான் கிடைக்கும். ஐந்து பேர் குடிக்க மட்டுமே நாலு சதுர மீட்டர் கண்ணாடி வேண்டும், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் கடற்கரை வீடுகளில் அதை எங்கே வைப்பது? கைக்குழந்தை, நோயாளி இருக்கிற வீட்டுக்கு ஒன்று என்றால் சரி.

ஊர் முழுக்க உப்பு என்றால் சோலார் பேனலில் ஓடும் பொது ஆர்ஓதான் (நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் இயந்திரம்) என் தேர்வு. பேனல் வருஷக்கணக்கில் உழைக்கும், மெம்ப்ரேன் என்கிற அந்தச் சவ்வும் ஃபில்டரும் அப்படியில்லை. அதை மாற்றக் குடத்துக்கு இவ்வளவு என்று வசூலித்துத் தனியாகச் சேர்க்க வேண்டும், அந்தக் கணக்கு மீனவப் பெண்களின் குழுவிடம் இருக்க வேண்டும், திறப்பு விழாவுக்கு முன்பே அவர்களில் இரண்டு பேருக்காவது வேலை கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். கழிவாக வரும் கடும் உப்புத் தண்ணீரைப் பக்கத்து மணலில் விட்டால் அதே கிணற்றுக்குத்தான் திரும்பி வரும், ஆகவே அதற்கான குழாய்ச் செலவையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கேளுங்கள்.