கிளை நூலகத்தில் உட்கார்ந்து முடித்த என்பிடெல் கோர்ஸ்

சீர்காழிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் கிளை நூலகத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஐஐடிக்கள் இணையத்தில் பாடம் நடத்தும் என்பிடெல்லில் (NPTEL) 12 வாரப் புள்ளியியல் கோர்ஸ் ஒன்றை முடித்துவிட்டேன், அதில் பாதிப் பங்கு அங்கே இருக்கும் நூலகர் அக்காவுக்கு.

பாடம் இலவசம், நடத்துபவர்கள் ஐஐடி பேராசிரியர்கள், 2017-இல் மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயம் வந்த பிறகு சேருவதும் சுலபம். எல்லாம் சரி. ஆனால் போன வருஷம் எனக்கு மூன்றாவது வாரத்திலேயே நின்றுவிட்டது. ஜூலையில் கோர்ஸ் தொடங்கும்போதுதான் இங்கே கடைமடைக்குத் தண்ணீர் வந்து நடவு வேலை நெருக்கும், வயலிலிருந்து வந்து படுத்தால் வீடியோவாவது ஒன்றாவது. அசைன்மென்ட் தேதி போயிற்று, தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் போயிற்று.

இந்த வருஷம் பேப்பர் படிக்கப் போன இடத்தில் அக்காவிடம் சொன்னேன். "12 அசைன்மென்ட்ல நல்ல மார்க் வந்த 8-ஐத்தான் எடுப்பாங்க தம்பி, ஒண்ணு ரெண்டு விட்டாலும் விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றார். புத்தகத்தின் பின்னால் ஒட்டுவார்களே, அந்தத் தேதிச் சீட்டு ஒன்றை எடுத்து என் நோட்டில் ஒட்டினார். ஒவ்வொரு அசைன்மென்ட் அனுப்பியதும் அதில் தேதி முத்திரை குத்திக் கொடுப்பார். அந்த முத்திரைக்காகவே சைக்கிளை மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

ஒரு ஊகம் சரியா என்று தரவை வைத்துப் பார்க்கும் கருதுகோள் சோதனைப் பாடம் வந்தபோது ஆங்கில வீடியோவை மூன்று முறை பார்த்தும் பிடிபடவில்லை. அக்கா கணக்குப் படித்தவர் இல்லை, ஆனால் எழுந்து போய்ப் பழைய பிளஸ் டூ புள்ளியியல் புத்தகத்தைக் கொண்டுவந்து, அந்தப் பாடத்தைத் தேடிப் பிரித்து வைத்தார். தமிழில் படித்துவிட்டுத் திரும்ப வீடியோ பார்த்தேன், புரிந்தது. இதே சீர்காழியில் 1892-இல் பிறந்த, இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனும் நூலகர் ஆவதற்கு முன் கணக்கு வாத்தியார்தான். 1931-இல் வந்த அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. எனக்கு ஒரு வருஷமே மிச்சமானது.

குறை என்றால் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் அதற்குக் காத்திருப்பார்கள். கரண்ட் போனால் அன்றைய பாடம் போச்சு. இப்படி வேலை பார்க்கும் நூலகருக்கு இன்னும் இரண்டு கம்ப்யூட்டராவது கொடுக்க வேண்டாமா?

ஜனவரிப் பருவத்து கோர்ஸில் சேர்ந்து இங்கே படிக்க நினைப்பவர்கள் மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள், கூட்டம் குறைவு. வெள்ளிக்கிழமை விடுமுறை. ஹெட்போன் நீங்களே கொண்டுபோக வேண்டும்.