ஓர்டிஸா, மார்ட்டினெஸா?

பீல்டிங் கிடையாது, பேட்டிங் மட்டுமே பேஸ்பாலில் டெசிக்னேட்டட் ஹிட்டரின் வேலை. அதில் யார் பெரியவர் என்றால் இந்த இருவர் பெயரும் தவறாமல் வரும்.

சியாட்டில் மரைனர்ஸ் அணியின் எட்கர் மார்ட்டினெஸ் நுணுக்கக்காரர். சராசரி .312, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 312 ஹிட். ஆனால் ஹோம் ரன், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரியான அடி, 309தான். டேவிட் ஓர்டிஸோ 541 அடித்தார். 2002 இறுதியில் மினசோட்டா ட்வின்ஸ் அணி கழற்றிவிட்ட மனிதர் இவர்! 2004இல் யாங்கீஸுடனான தொடரில் 0-3 என்று இவரது புதிய அணியான பாஸ்டன் தத்தளித்தபோது, நாலாவது ஆட்டத்தில், வழக்கமான ஒன்பதைத் தாண்டி 12வது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஜெயிக்க வைத்தார். அடுத்த ஆட்டத்தில் 14வது இன்னிங்ஸ். வெற்றி அடி மறுபடியும் இவருடையதே. அந்த ஆண்டுதான் சாம்பியன் பட்டத்துக்கான பாஸ்டனின் 86 வருடக் காத்திருப்பு முடிந்தது.

சுத்தமான பேட்டிங்குக்கு மார்ட்டினெஸ். ஆட்டம் கைநழுவும் நேரத்தில் எனக்கு ஓர்டிஸ்தான் வேண்டும். ஓர்டிஸை முதல் வாய்ப்பிலேயே, 2022இல், பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். மார்ட்டினெஸைப் பத்தாவது, கடைசி வாய்ப்பு வரை காக்க வைத்தது அநியாயம்.