டீசல் பொயிலரை நிறுத்தி மூன்று வருடம்

2022 நவம்பரில் எங்கள் ஹோட்டலின் டீசல் பொயிலரைக் கடைசித் தடவையாக அணைத்தோம். அதற்குப் பிறகு மூன்று நல்லூர்த் திருவிழாவும் மூன்று மாரியும் போய்விட்டன. யாழ் நகரத்துக்குள் எனக்குத் தெரிந்தே சில ஹோட்டல்களிலும் சலவைக்கூடங்களிலும் இதே மாதிரி வயது போன பொயிலர்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். நான் 42 அறை உள்ள ஹோட்டலில் பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவன். விற்பனையோடு எனக்குத் தொடர்பு இல்லை. எந்தக் கம்பனியின் பெயரையும் எழுதப்போவதும் இல்லை.

பழைய பொயிலர் 1980களில் செய்தது. தெற்கில் ஓர் ஆடைத் தொழிற்சாலை கழித்துவிட்டதை, போர் முடிந்து ஏ9 பாதை திறந்த பிறகு, 2011இல் லொறியில் ஏற்றி வந்து பூட்டினார்கள். மணிக்கு 500 கிலோ நீராவி, 7 பார் அழுத்தம். அந்த நீராவிக்கு மூன்று வேலை. அறைகளின் குளியல் தண்ணீரைச் சூடாக்குவது ஒன்று. லோண்டரியில் பெட்ஷீற் அயன் பண்ணும் உருளையையும் டிரையரையும் ஓட்டுவது இன்னொன்று. குசினியில் இடியப்பம், புட்டு அவிக்கும் பெட்டிக்குப் போவது மூன்றாவது. விடிய 4 மணிக்கு எங்கள் பொயிலர் ஐயா வந்து மூட்டினால்தான் 6 மணிக்குச் சுடுதண்ணீர் வரும். 90களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிப் பழகியவர் அவர். ஒரு சொட்டு எண்ணெய் நிலத்தில் விழுந்தாலும் துணியால் ஒற்றி எடுப்பார்.

சாதாரண நாளில் 40 லீற்றர் டீசல் போனது. 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் 121 ரூபா. நாளுக்கு 4,840 ரூபா. 2022 ஜூன் கடைசியில் அது 460 ரூபாவாகியது. அதே 40 லீற்றர் 18,400 ரூபா. விலையைவிடப் பெரிய பிரச்சினை, டீசலே கிடைக்கவில்லை. வரிசையில் வாகனத்தை நிறுத்தினால்தான் அடிப்பார்கள், கானில் தரமாட்டார்கள். பொயிலரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மூட்டினோம். அறைக்கு ஆள் குறைவாக இருந்தபடியால் சமாளித்தோம், ஆனால் இப்படியே போகமுடியாது என்பது முதலாளிக்கும் விளங்கிவிட்டது.

இந்த இடத்தில் நாங்கள் செய்த ஒரு வேலைதான் பிறகு நடந்த எல்லாவற்றையும் சரியாக்கியது. புதிய மெசினுக்கு விலை கேட்கப் போகமுதல் அளந்து பார்த்தோம். குளியல் தண்ணீர்க் குழாயில் ஒரு தண்ணீர் மீற்றரும் ஒரு வெப்பமானியும் பூட்டி, 14 நாள் காலையும் மாலையும் ஐயாவே கொப்பியில் எழுதினார். அறை நிரம்பிய ஒரு கிழமையும் நிரம்பாத ஒரு கிழமையும் வரக்கூடியதாகப் பார்த்து எடுத்தோம். நிரம்பிய நாட்களில் சராசரி 3,400 லீற்றர், 55 பாகைச் சூட்டில். எங்கள் கிணற்றுத் தண்ணீர் 28 பாகையில் வருகிறது. ஆக 27 பாகை ஏற்றவேண்டும். அதற்குத் தேவையான வெப்பம் கிட்டத்தட்ட 107 யூனிற் (கறண்ட் பில்லில் வருகிற அதே யூனிற், கிலோவாற் மணி). ஒரு லீற்றர் டீசலுக்குள் ஏறத்தாழ 10 யூனிற் வெப்பம் இருக்கிறது. அதாவது 11 லீற்றர் டீசலின் வெப்பம் முழுவதும் தண்ணீருக்குள் போயிருந்தால் குளியல் வேலை முடிந்திருக்கும். லோண்டரிக்கும் குசினிக்கும் நாங்கள் போட்ட கணக்கு இன்னுமொரு 9 லீற்றர்.

மிச்ச 20 லீற்றர் எங்கே போனது? புகைபோக்கியால் போனது. உறை கழன்ற நீராவிக் குழாய்கள் நடைபாதையைச் சூடாக்கின. அடியில் தேங்கும் கலங்கலைத் திறந்துவிடும்போது கொதிதண்ணீராகவே வாய்க்காலுக்குப் போனது. மத்தியானம் ஒருவரும் குளிக்காத நேரத்திலும், லோண்டரியில் ஒரே ஓர் உருளைக்காக முழுப் பொயிலரும் 7 பாரில் நின்றது. குளிக்கிற தண்ணீருக்கு 55 பாகை போதும். அதை 170 பாகை நீராவியால் சூடாக்கிக்கொண்டிருந்தோம். உண்மையில் நீராவி தேவைப்பட்டது கொஞ்ச வேலைக்குத்தான். அந்தக் கொஞ்சத்துக்காக முழுக் கட்டிடத்தையும் பொயிலரில் கட்டி வைத்திருந்தோம். பொயிலர் மாற்ற நினைக்கிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சுடுதண்ணீரையும் நீராவியையும் பிரித்துக் கணக்குப் பாருங்கள். பிரிக்காமல் போனால், பழையதன் அளவிலேயே ஒரு புதியதை வாங்கி, அதே 20 லீற்றரைத் தொடர்ந்து எரிப்பீர்கள்.

வேறு வழிகளையும் பார்த்தோம். விறகுப் பொயிலர் நல்லதுதான். விறகுக்கு வளர்க்கிற கிளிரிசிடியாவை (சீமைக்கிளுவை) 2005இல் இலங்கையின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தார்கள், வன்னிப் பக்கமிருந்து உமியும் எடுக்கலாம். ஆனால் நகரத்தின் நடுவில் விறகு அடுக்க இடமில்லை. சாம்பலும் புகையும் பக்கத்து வீட்டுக் கொடிக்குப் போகும். இடமிருக்கிற ஆலைகள் அதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

நாங்கள் போட்டது இரண்டு ஹீற் பம்ப். ஒவ்வொன்றும் 18 கிலோவாற் வெப்பம் தரும், சுமார் 5 கிலோவாற் மின்சாரம் எடுக்கும். கூடவே உறை போட்ட 2,000 லீற்றர் தாங்கி இரண்டு. ஹீற் பம்ப் என்பது குளிரூட்டி செய்கிற வேலையை மறுபக்கமாகச் செய்வது. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அதனால்தான் ஒரு யூனிற் கறண்டுக்கு மூன்று யூனிற்றுக்கு மேல் வெப்பம் கிடைக்கிறது. ஒஸ்லோவில் இருக்கிற என் சித்தப்பாவின் மகன் இதைக் கேட்டுவிட்டுச் சந்தோசப்பட்டான். நோர்வேயில் 2020 ஜனவரி 1 முதல் கட்டிடங்களைச் சூடாக்க எண்ணெய் எரிப்பது தடை. அவர்கள் பனிக்காற்றிலிருந்தே வெப்பம் எடுக்கிறார்கள். இங்கே காற்று வருடம் முழுக்க 30 பாகையை ஒட்டி நிற்கிறது. இந்த மெசினுக்கு யாழ்ப்பாணத்தைவிட வசதியான ஊர் கிடைப்பது கஷ்டம்.

ஒரு பெரியதை வாங்காமல் இரண்டு சிறியதை வாங்கியது சரியான முடிவு. ஒன்று படுத்தாலும் மற்றது ஆறு ஏழு மணித்தியாலம் ஓடி அன்றைய வேலையை முடித்துவிடும். கறண்ட் போனால் எங்கள் ஜெனரேற்றரும் ஒன்றைத் தாங்கும். நேரக்கட்டுப்பாடும் வைத்திருக்கிறோம். எங்கள் மின்கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரைதான் விலை உச்சம். அந்த நான்கு மணித்தியாலமும் இரண்டும் நிற்கும். பகல் 10 மணிக்குப் பிறகு, காற்று சூடாக இருக்கிற நேரத்தில் ஓடித் தாங்கியை 60 பாகைக்கு நிரப்பும். தாங்கியின் சூட்டை அதற்குக் கீழே விடவேண்டாம். வெதுவெதுப்பில் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், அது நுரையீரலைப் பிடிக்கும். அறைக்குப் போகமுதல் கலவை வால்வு ஒன்று சூட்டைக் குறைக்கிறது. முதல் நாள் ஐயா மெசின் பக்கத்தில் கனநேரம் நின்றார். "தம்பி, நெருப்பும் இல்லை, சத்தமும் இல்லை. விடிய தண்ணி சுடுமோ?" என்று கேட்டார். பழக்கத்தில் அடுத்த நாளும் 4 மணிக்கே வந்துவிட்டார். தண்ணீர் சுட்டது.

இனிப் பிழைத்துப்போன விடயங்கள். முதலாவது தண்ணீர். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக் கேத்திலையும் திறந்து பாருங்கள், உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கும். எங்கள் நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. சூடாக்கினால் அந்தச் சுண்ணாம்பு திரும்பக் கல்லாகிவிடும். பழைய பொயிலரைக் கழற்றியபோது அதன் குழாய்களில் தோசைக் கனத்துக்குக் கல் பிடித்திருந்தது. தண்ணீரை மென்மையாக்கும் கருவிக்குள் சுண்ணாம்பைப் பிடித்து வைக்கும் ரெசின் எப்போதோ செத்துப்போயிருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. புதியதைப் பூட்டியவர்கள், "இது நீராவி இல்லை, 60 பாகைதான், மென்மையாக்கி தேவையில்லை" என்றார்கள். நானும் நம்பினேன். ஐந்தாம் மாதம் ஹீற் பம்ப் அழுத்தம் கூடிக் கூடி நிற்கத் தொடங்கியது. ஹீற் பம்புக்கென்று வைத்த தனி மீற்றரைப் பார்த்தால், ஒரு யூனிற் கறண்டுக்கு 3.4 யூனிற் வெப்பம் தந்தது 2.3 ஆகியிருந்தது. வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றுகிற தகட்டு வெப்பமாற்றிக்குள் கல். சிற்றிக் அமிலம் கலந்த தண்ணீரை ஆறு மணித்தியாலம் சுற்றவிட்டுக் கழுவினோம். பிறகு புதிய ரெசின் போட்ட மென்மையாக்கி பூட்டினோம். அதற்கு இடைக்கிடை உப்புத் தண்ணீர் விட்டு ரெசினைப் புதுப்பிக்கவேண்டும். கடின நீர் சோதிக்கும் சிறு போத்தல் ஒன்றை ஐயா வைத்திருக்கிறார். திங்களும் வியாழனும் பார்த்து எழுதுவார். அன்றிலிருந்து 3.2க்குக் கீழே போகவில்லை. குடாநாட்டில் யார் எந்த மெசினை விற்றாலும், தண்ணீர் மென்மையாக்கி இல்லாத விலைப்பட்டியலை ஏற்கவேண்டாம். இதை நான் எவ்வளவு வலியுறுத்தினாலும் போதாது.

இரண்டாவது, ஐப்பசி இடி. 2023இல் ஒரு பின்னேர இடியோடு ஒரு மெசினின் கட்டுப்பாட்டுப் பலகை எரிந்தது. மாற்றுப் பலகை வர ஏழு கிழமை ஆனது. மற்றது ஓடியதால் தப்பினோம். இப்போது மின்னல் தடுப்பும், மூன்று பேஸ் கறண்டில் ஒன்று போனால் மெசினை அணைக்கும் ரிலேயும் இருக்கின்றன. உதிரிப் பலகை ஒன்றும் அலுமாரிக்குள் இருக்கிறது. மூன்றாவது, கடல் காற்று. அலுமினியத் தகடுகளில் உப்பு அரிக்கும். பூச்சுப் போட்ட தகடு கேட்டு வாங்குங்கள், மாதம் ஒருமுறை நன்னீரால் கழுவுங்கள்.

லோண்டரியில் நான் முழுத் திருப்தியில் இல்லை. உருளையும் டிரையரும் காஸுக்கு மாறின. கையால் அயன் பண்ணுகிறவர்களுக்கு 9 கிலோவாற் சிறு மின்சார நீராவிக் கருவி, தேவையான நேரம் மட்டும் போடுவது. வெயில் நாட்களில் மேல்தளத்துக் கொடியிலேயே காய்கிறது. ஆனால் மாரியில் காஸ் செலவு ஏறுகிறது, அதற்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. குசினிக்கு ஒரு காஸ் அவிப்பெட்டி; இடியப்பத்தில் வித்தியாசம் இல்லை என்று சமையல்காரர் சொல்லிவிட்டார். நீராவி உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் வைத்தியசாலை. கருவிகளைக் கிருமிநீக்கம் செய்ய 121 பாகை, 134 பாகை நீராவி வேண்டும். அங்கே அந்த வேலைக்கு மட்டும் ஒரு சிறு நீராவிக் கருவியைத் தனியாக வையுங்கள்.

கட்டணக் கணக்கும் கேட்பார்கள். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். மெசின் பூட்டி மூன்று மாதத்தில் வந்த அந்த இரண்டாவது ஏற்றத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கொப்பியைக் கேட்டார். சுடுதண்ணீருக்கு நாளுக்கு 36 யூனிற் போகிறது, திருவிழாக் காலத்தில் 50 வரை. யூனிற்றை 40 ரூபா என்று வைத்தால் 1,440 ரூபா. பழைய 40 லீற்றர் டீசலில் பாதியைக் குளியல் தண்ணீருக்கென்று எடுத்து, லீற்றர் 280 ரூபா என்று போட்டாலும் 5,600 ரூபா. விலைகள் ஏறி இறங்கும். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள்.

பணத்தைவிட என் மனதில் நிற்பது எண்ணெய்த் தாங்கியைக் கிளப்பிய நாள்தான். பொயிலர் அறைக்குப் பின்னால் நிலத்துக்குள் 5,000 லீற்றர் இரும்புத் தாங்கி இருந்தது. எங்கள் கிணறு அதிலிருந்து 20 மீற்றர் தூரம்கூட இல்லை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். அந்தப் பக்கத்துச் சனம் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு நின்றதையும் பார்த்தோம். குடாநாட்டில் ஆறு என்று வருடம் முழுக்க ஓடுவது ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குவதுதான் எங்கள் குடிதண்ணீர். அந்த வெடிப்பு வழியே மழைத்தண்ணீர் இறங்குகிற வேகத்தில் எண்ணெயும் இறங்கும். தாங்கியைத் தூக்கியபோது அடித்தகட்டின் ஒரு மூலை கையால் நசுக்கினால் உடைகிற நிலையில் இருந்தது. கீழே ஒரு முழ ஆழத்துக்கு மண் டீசல் மணத்தது. ஐயா குந்தியிருந்து அந்த மண்ணை எடுத்து முகர்ந்தார். ஒன்றும் பேசவில்லை. மணம் போகும்வரை வெட்டி, பொலித்தீன் விரித்த பீப்பாக்களில் நிரப்பி அப்புறப்படுத்தினோம். கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, முடிவு வரும் மட்டும் குசினிக்கு வெளியிலிருந்து தண்ணீர் எடுத்தோம். எண்ணெய் இல்லை என்று வந்தது. இன்னும் இரண்டு மாரி அப்படியே விட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று நினைக்க இப்போதும் நெஞ்சு பதறுகிறது. பழைய தாங்கி வைத்திருப்பவர்கள் பொயிலரை மாற்றாவிட்டாலும் பரவாயில்லை, தாங்கியை இந்த வருடமே தோண்டிப் பாருங்கள்.

2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்ட ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தாங்கிகளில் இருந்த சூடு இரவுவரை போதுமாக இருந்தது. அறையில் இருந்த ஒருவரும் குளியல் தண்ணீரைப் பற்றி முறையிடவில்லை.

பொயிலர் அறையை வெள்ளையடித்துத் துணி அடுக்க எடுத்துக்கொண்டோம். ஐயா இப்போது 6 மணிக்கு வருகிறார். அந்த 14 நாள் அளவுக்கு வாங்கிய மீற்றரும் வெப்பமானியும் எங்களிடமே இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக்குள் யார் கேட்டாலும் தருகிறேன், பூட்டிக் காட்ட ஐயாவும் வருவார். இப்போது அது சாவகச்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓடுகிறது. தைப்பொங்கலுக்குப் பிறகு அடுத்தவர் எடுத்துப் போகலாம்.