மூன்று நட்சத்திரம், அதுவும் தாராளமாகப் போட்டது

என் மச்சான் கிளீவ்லாந்தில் இருக்கிறார். போன கையோடு ஊர்ப் பாசத்தில் அந்த ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான பிரவுன்ஸைப் பிடித்துக்கொண்டு, சேலத்தில் சும்மா இருந்த என்னையும் அந்தத் துக்கத்தில் சேர்த்துவிட்டார். 1999-இல் மறுபடி களத்துக்கு வந்ததிலிருந்து 40 பேருக்கு மேல் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற ஆளாக, இறக்கிப் பார்த்த அணி அது. "நீங்களாவது ஒரு ஆளைத் தேடிக் குடுங்க மாப்ள" என்று இந்த டிராஃப்ட் விளையாட்டுச் செயலியை அனுப்பினார். இரண்டு மாதமாக ஆடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: டிராஃப்ட் என்றால் அணிகள் புது வீரர்களைப் பிரித்து எடுப்பது, ஆனால் ஐபிஎல் ஏலம் மாதிரி இல்லை. பணம் கிடையாது, வரிசைதான். 32 அணிகள், 7 சுற்று, போன சீசனில் மோசமாகத் தோற்றவர்கள் முதலில் கல்லூரி வீரரை எடுப்பார்கள். வரிசையில் முன்னால் போக வேண்டுமா, அடுத்தடுத்த வருஷத்து வாய்ப்புகளை விட்டுக்கொடுக்க வேண்டும்.

செயலி சொதப்புவது சரியாக அங்கேதான். 12-ஆம் இடத்திலிருந்து 3-க்குத் தாவ அடுத்த வருஷத்து இரண்டாம் சுற்றை மட்டும் நீட்டினேன், கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் சரி என்றது. செவ்வாய்பேட்டையில் இந்த மாதிரிப் பேரம் பேசினால் கொலுசின் திருகாணிகூடக் கிடைக்காது. நிஜத்தில் 2021-இல் சான் பிரான்சிஸ்கோ அணி இதே தாவலுக்கு அடுத்த இரண்டு வருஷத்து முதல் சுற்றுகளையும் ஒரு மூன்றாம் சுற்றையும் மயாமி அணிக்குக் கொடுத்தது. அப்படி எடுத்த குவார்ட்டர்பேக் ட்ரே லான்ஸ் அவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து ஆடியது நாலே ஆட்டம். மறுவருஷம் 262-ஆவதாக, அதாவது கடைசி ஆளாக எடுத்த பிராக் பர்டிதான் அணியை சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டம் வரை கூட்டிப்போனார்!

அப்புறம், பொறுமைக்கு இங்கே மார்க்கே இல்லை. எடுத்த பையனை முதல் ஆட்டத்திலேயே இறக்கியாக வேண்டும். கன்சாஸ் சிட்டி அணி 2017-இல் 10-ஆவதாக எடுத்த குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஒரு வருஷம் மூத்தவர் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்காரவைத்து, கடைசி ஆட்டத்தில்தான் இறக்கியது, நாம் குண்டு மாங்காயை வைக்கோலில் போட்டுக் காத்திருக்கிற மாதிரி.

நல்லது என்றால் மூன்றாம் சுற்றுக்குப் பிறகுதான். ஒவ்வொரு பையனின் கைவலு, காயங்கள், அவசரத்தில் பந்தை எங்கே எறிகிறான் என்பதெல்லாம் விரிவாக இருக்கிறது. 2025-இல் பிரவுன்ஸ் 94-ஆவதாக கேப்ரியலையும் 144-ஆவதாக சாண்டர்ஸையும், ஒரே டிராஃப்டில் இரண்டு குவார்ட்டர்பேக்குகளாக எடுத்தபோது மச்சானிடம் சிரித்தேன். இதில் நாலைந்து முறை ஆடிய பிறகு அதில் தப்பு தெரியவில்லை, பின்சுற்றில் இரண்டாவது லாட்டரிச் சீட்டுக்கு ஆகிற செலவு ரொம்பக் கம்மி. மச்சானிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை.

காசு கட்டியும் ஆட்டம் தானாகச் சேமிக்கப்படாது. ஏற்காடு பஸ்ஸில் ஆறாவது சுற்றில் இருந்தேன், பாதிக் கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதும் சிக்னல் போனது, மொத்த டிராஃப்டும் போனது. இலவசமே போதும், மலை ஏறுவதாக இருந்தால் அடிவாரத்திலேயே முடித்துவிடுங்கள்.