கச்சானுக்கும் மாரிக்கும் தாங்கும் பழைய சுவிச் எது?

கணினி விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சுவிச் இருக்கும். பழைய விசைப்பலகை தேடுபவர்கள் முதலில் அதன் சத்தத்தையும் விரலுக்குக் கிடைக்கும் உணர்வையும்தான் விசாரிப்பார்கள். வன்னியில் வைத்துப் பாவிக்கப் போகிறவர் வேறு இரண்டைக் கேட்கவேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் உள்ளே போகும் புழுதியைத் தாங்குமா? பழுதானால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்கும் சாமானை வைத்துத் திருத்தலாமா?

இப்படிப் பார்த்தால் பலரும் கொண்டாடும் அல்ப்ஸ் நிறுவனத்துச் சுவிச் பின்னுக்குப் போய்விடுகிறது. 1987இல் வந்த ஆப்பிள் எக்ஸ்டென்டட் விசைப்பலகையில் இருப்பது இதுதான். சுத்தமாக இருக்கும்போது அருமை. ஆனால் மேலும் கீழும் வழுக்கிப்போகும் தண்டில் தூசி படிந்தால் கரகரக்கத் தொடங்கும். கழுவினாலும் பழைய மென்மை முழுதாகத் திரும்புவது அரிது. செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சுவிச்சுக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. தொடுமுனைகள் தங்கம், புதிய சுவிச்சும் இன்றைக்கும் வாங்கலாம்.

என் தெரிவு ரீட் சுவிச். 1930களில் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்தது. மின்னணு மேசைக் கணிப்பான்களின் தொடக்க காலத்தில் பல கருவிகளில் இருந்தது. மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு இரும்புக்கலவைத் தகடுகள். விசையை அழுத்தினால் தண்டிலுள்ள காந்தம் கிட்ட வரும், தகடுகள் ஒட்டும். தொடும் இடம் அடைத்த குழாய்க்குள் இருப்பதால் புழுதியும் மாரி ஈரமும் அதை அண்டாது. எதிரி கண்ணாடிதான். குழாயின் கம்பிக் காலை முரட்டுத்தனமாக வளைத்தால் அடிப்பக்கம் வெடிக்கும். வளைக்கும்போது கண்ணாடிக்குக் கிட்டக் குறட்டால் பிடித்துக்கொள்ளுங்கள். மாற்றுக்கும் அதிகம் அலையத் தேவையில்லை: கதவில் பூட்டும் காந்த அலாரச் சென்சருக்குள்ளும் ரீட் குழாய்தான் இருக்கிறது. நீளமும் காந்தத்துக்கு மசியும் அளவும் பொருந்தினால் போதும்.

உழைப்பில் ரீட்டையும் வெல்லக்கூடியது ஹால் சுவிச். தொடுமுனையே கிடையாது; காந்தம் கிட்ட வருவதை ஒரு மின்னணுச் சில்லு (சிப்) உணர்கிறது. ஹனிவெல் நிறுவனத்தின் மைக்ரோ சுவிச் பிரிவு செய்தவை இன்றும் ஓடுகின்றன. ஆனால் விசைக்கு ஒரு சில்லு என்பதால் மின்னைக் கூடுதலாக இழுக்கும். சோலார் பற்றரியில் ஓட்டுபவருக்கு அது பாரம். சில்லு செத்தால் இன்னொரு பழைய பலகையைத்தான் அறுக்கவேண்டும்.

கீ ட்ரோனிக் நிறுவனத்தின் பஞ்சுத் தகட்டு விசையை, அதாவது அடியில் பஞ்சும் அதில் ஒட்டிய உலோகத் தாளும் உள்ள விசையை, பலர் ஒதுக்குகிறார்கள். 1983இன் ஆப்பிள் லீசா கணினியில் இருந்தது அது. பஞ்சு காலப்போக்கில் கட்டாயம் உக்கும், உண்மைதான். ஆனால் வட்டமாக வெட்டிய புதுப் பஞ்சும், உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்ரிக் தாளும் ஒட்டினால் விசை உயிர்க்கும். ஈயம் வைக்கும் வேலைகூட இல்லை. கையில் பொறுமை உள்ளவர் அல்ப்ஸை விட்டுவிட்டு இதை எடுக்கலாம்.

ரீட் பலகை வாங்க முன் மல்டிமீட்டரைக் கொண்டுபோய், இணைப்பு இருந்தால் சத்தம் போடும் நிலையில் வையுங்கள். பலகைக்கு மின் கொடுக்காமல் ஒவ்வொரு சுவிச்சின் இரண்டு காலிலும் முனை வைத்து விசையை அழுத்துங்கள். அழுத்தாமலே சத்தம் போட்டால் தகடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அழுத்தியும் போடாவிட்டால் கண்ணாடி வெடித்திருக்கலாம். இரண்டொன்று என்றால் மாற்றிவிடலாம்; ஒரு வரிசையே பேசாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.