முதல் காளான்: சாந்தரெல்லா, போர்சினியா, முள்ளெலியா?

இலையுதிர் காலத்தில் காட்டுக் காளான் பறிக்கக் கிளம்பும் புதியவர்கள் முதலில் கேட்பது, "எது ருசி?" நான் பார்க்கும் கணக்கு வேறு: ஆள் மாறி எது கூடைக்குள் வந்துவிடும், அதைத் தின்றால் என்ன ஆகும்? ஐரோப்பிய, வட அமெரிக்கக் காடுகளில் பலரும் தேடுகிற நான்கை இப்படிப் பார்க்கலாம்.

சாந்தரெல்லுக்குத்தான் ரசிகர்கள் அதிகம். முட்டை மஞ்சள் நிறம், லேசான ஆப்ரிகாட் வாசனை. குடையின் அடியில் இருப்பவை செவுள்கள் (தகடு தகடாகத் தொங்கும் மெல்லிய அடுக்குகள்) அல்ல, சதையோடு ஒட்டிய மழுங்கிய மடிப்புகள். கிளை பிரிந்து தண்டு வரை இறங்கும், நகத்தால் சுரண்டினாலும் தனியே உரியாது. கிழித்தால் உள்ளே வெளுப்பு. இதைப் போலவே தோன்றும் பொய்ச் சாந்தரெல்லின் செவுள்கள் மெல்லியவை, சுலபமாக உரியும். சிலருக்கு வயிற்றைக் கலக்கும். ஓம்ஃபலோட்டஸ் என்ற இன்னொரு நச்சுக் காளான் அதைவிட மோசம், கடும் வாந்தி வரும். அதற்குக் கூரான செவுள்கள், உள்ளேயும் ஆரஞ்சு நிறம். மரத்தில் கொத்தாக வளருமே என்று அந்த ஒரு அடையாளத்தை மட்டும் நம்பக் கூடாது. புதைந்து கிடக்கும் வேரிலிருந்து முளைத்தால் மண்ணில் வளர்ந்தது போலவே நிற்கும். மேலிருந்து எடுத்த ஒரு படத்தைக் கைபேசிச் செயலியிடம் காட்டினால், இதில் எதுவுமே அதற்குத் தெரியாது!

போர்சினி இதைவிடச் சுலபம். செவுளுக்குப் பதில் நுண்துளைகள், தண்டின் மேல் வெள்ளை வலைப்பின்னல். இதோடு குழம்பக்கூடிய கசப்பு போலீட்டஸ் காளானுக்கு வலைப்பின்னல் பழுப்பாக இருக்கும், துளைகள் முதிர முதிர இளஞ்சிவப்பாகும். அது ஆளைக் கொல்லாது, குழம்பைத்தான் பாழாக்கும். துளைகள் சிவப்பாக இருந்தாலும், வெட்டிய இடம் நீலமானாலும் விட்டுவிடுங்கள். நல்லது சில கைவிட்டுப் போகும், போகட்டும். புழு இருக்கிறதா என்று பிளந்து பார்க்க மறக்க வேண்டாம்.

ஹனி மஷ்ரூம் மரக்கட்டையில் கொத்துக் கொத்தாகக் கிடைக்கும், அதுதான் ஆபத்தே. அதே மாதிரிக் கட்டையில் வளரும் கலெரினா மார்ஜினேட்டாவில் இருப்பது, ஆளையே கொல்லும் 'டெத் கேப்' காளானில் உள்ள அமடாக்சின் என்ற நச்சு. வேகவைத்தாலும் அழியாது. பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தி, பேதி தொடங்கும். பிறகு தேறியது போல ஒரு தோற்றம், உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். குடையைத் தாளில் கவிழ்த்து இரவு முழுக்க வைத்தால் ஸ்போர் தூள் (காளானின் விதை போன்ற நுண்துகள்) படியும்: ஹனிக்கு வெளிர் நிறம், கலெரினாவுக்குத் துருப்பழுப்பு. சரி, ஒரு கூடைக் காளானில் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்வீர்களா? இரண்டும் ஒரே கட்டையில் கலந்தே முளைக்கலாம். போதாததற்கு, நன்றாக வேகவைத்த ஹனியே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. புதியவருக்கு இது வேண்டவே வேண்டாம்.

என் ஓட்டு முள்ளெலிக் காளானுக்கு, அதாவது ஹிட்னம் ரெபாண்டத்துக்கு. வெளிர் ஆரஞ்சுக் குடையைத் திருப்பினால் செவுளும் இல்லை, துளையும் இல்லை, அடி முழுக்கச் சின்னச் சின்ன முட்கள். இதே போல முள் கொண்ட சார்கோடான் வகைகள் பழுப்பாக, செதிலோடு இருக்கும். சில கசக்கும், அவ்வளவுதான். ருசியில் சாந்தரெல்லுக்கு ஒரு படி கீழே என்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்றவை ஓய்ந்த பிறகும் இது கிடைக்கும், புழுவும் குறைவு. இருந்தாலும் முதல் முறை, காளான் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டே சமையுங்கள். கூடையில் தனியாக வையுங்கள். முட்கள் உதிர்ந்து மற்றக் காளான்களில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. முற்றியதில் கொஞ்சம் கசப்பு உண்டு, முட்களைச் சுரண்டிவிட்டுச் சமைக்கலாம்.