கூழ்மரம் அறுக்க வில் பாரா, நேர் பாரா?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் காகிதக் கூழுக்காக ஆலைக்கு பைன் மரம் அனுப்பியவர்கள் ஒரு காலத்தில் வில் பார் மாட்டிய செயின் சாவோடுதான் காட்டுக்குள் போனார்கள். 1944-இல் கிழக்கு டெக்சாஸில் ஜெர்மன் போர்க் கைதிகளை வைத்துக் கூழ்மரம் வெட்டிய கிளாட் போலன், பழைய லாரி மட்கார்டை வளைத்து இதைச் செய்தார் என்பார்கள். பின்னாளில் போலன் என்ற பெயரே ஒரு செயின் சா பிராண்ட் ஆனது.

பார் என்றால் செயின் சாவில் செயின் சுற்றி ஓடும் உலோகத் தகடு. வழக்கமான நீளத் தகடுதான் நேர் பார். வில் பார் என்பது நடுவில் வெற்றிடம் உள்ள வளையம். அதன் வெளி விளிம்பில் செயின் ஓடும். ஆலைக்குப் போன துண்டின் நீளம் 5 அடி 3 அங்குலம். 13 மீட்டர் தண்டு என்றால் எட்டுத் துண்டு. நேர் பாரில் ஒவ்வொரு வெட்டுக்கும் குனிய வேண்டும். வில் பாரை நின்றபடியே கட்டை மேல் இறக்கினால் போதும். நாள் முழுக்க அறுப்பவரின் முதுகுக்கு இது பெரிய விஷயம்.

அடுத்தது கவ்வல். இரு முனையும் மேட்டில், நடுப்பகுதி அந்தரத்தில் கிடக்கும் கட்டையை மேலிருந்து அறுத்தால், பாதியில் வெட்டு வாய் மூடி பாரைப் பிடித்துக்கொள்ளும். நேர் பார்க்காரர் மேலே கொஞ்சம் அறுத்துவிட்டு மிச்சத்தைக் கீழிருந்து அறுக்க வேண்டும். வில் பாரில் வெட்டுக்குள் இருப்பது ஒடுங்கிய விளிம்பு மட்டும்தான். அதனால் அவ்வளவு எளிதில் சிக்காது.

சரி, அப்புறம் ஏன் காணாமல் போனது? முதல் காரணம் உதைப்பு, அதாவது ஓடும் செயின் கட்டையில் இடறி, சா சட்டென்று ஆளை நோக்கி எகிறுவது. நேர் பாரில் மூக்கின், அதாவது நுனியின், மேல் கால்வாசிதான் ஆபத்தான இடம், அது எங்கும் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். வில் பாரில் அப்படி ஒதுக்கி வைக்க முடியாது, உதைக்கக்கூடிய பரப்பே பெரிசு. உதைப்பைக் குறைக்கும் செயின் போட்டாலும் வில் பாரில் பெரிய பலன் இல்லை என்று செயின் சா செய்யும் ஸ்டில் நிறுவனத்தின் கையேடுகளே எச்சரிக்கின்றன. மேலேயும் முன்னேயும் காப்புத் தகடு உண்டு. இடைஞ்சல் என்று அதைக் கழற்றிப் போட்டவர்களும் உண்டு!

மரம் சாய்க்கவும் கிளை கழிக்கவும் நேர் பார்தான், அதில் போட்டியே இல்லை. வளையத்தை விடப் பருத்த கட்டையிலும் வில் பார் திணறும்.

இரண்டாவது காரணம், வேலையே மாறிவிட்டது. முழுத் தண்டாக இழுத்துப்போய் இயந்திரத்தால் ஏற்றத் தொடங்கியதும், காட்டுக்குள் துண்டு போடும் அவசியம் குறைந்தது.

இன்று கையால் கொஞ்சம் கூழ்மரம் அறுப்பவருக்கு என் ஓட்டு நேர் பாருக்கே. தண்டுக்கு அடியில் ஒரு முட்டுக்கட்டை, வெட்டு வாயில் அடிக்க பிளாஸ்டிக் ஆப்பு, கட்டையைப் புரட்ட ஒரு கொக்கித் தடி: கவ்வல் தொல்லையில் முக்கால்வாசி தீரும். பழைய வில் பார் மலிவாகக் கிடைத்தாலும், காப்புத் தகடு இரண்டும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.